பொதுமக்கள் அணி

சென்ற ஆண்டு கல்லூரி மாணவிகள் இருவர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண்களைப் பற்றி ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம். அக்காவிடம் வெகுநேரம் பேசினார்கள். அவளுக்குப் பதினான்கு வயதில் கல்யாணம். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைகூட எழுதவிடாமல் மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தங்கையிடம் பேசினார்கள். எங்கள் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கி, பாங்கு வேலைக்குப் போனவள் அவள். அதை வீடியோவே எடுத்தார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது ஒருத்தி, "நீங்க ஆன்ட்டி?" என்றாள்.

"நான் ரெண்டு பேருக்கும் நடுவுல. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சேன். கல்யாணம் ஆவற வரைக்கும் வீட்ல இருந்தேன்."

"வீட்ல இருந்து என்ன பண்ணீங்க?"

"பந்து ஆடினோம்."

அவள் சிரித்துக்கொண்டே காப்பியை எடுத்தாள். அதற்குள் வீடியோவை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வயதுக்காரிகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று எங்களுக்கே ஒரு நினைப்பு உண்டு. எங்களுக்கு மூத்தவர்கள் பெரியவளான மறுநாளே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். எங்களுக்கு இளையவர்களைப் பார்த்து, "அடுத்தது என்னா படிக்கப் போற?" என்று ஊரே கேட்டது. எங்களுக்கு இரண்டும் இல்லை. பெண் எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டில் மதிப்பு என்று யாரோ கிளப்பிவிட, பதினோராம் வகுப்பு வரை படிக்க விட்டுவிட்டார்கள். அதற்குமேல் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. கல்லூரிக்கு அனுப்பத் துணிச்சல் இல்லை, பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கவும் கூச்சமாகிவிட்டது. ஆக எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் எங்களைப் போல ஒரு கூட்டம் பெண்கள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, வீட்டில் இருந்தோம். காலையில் அப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்கு இடப்பட்ட ஒரே கட்டளை, சும்மா இரு.

சும்மா இருப்பதில் எனக்கு ஒரே ஒரு குறைதான். பள்ளிக்கூடத்தில் நான் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். உல்லன் நூலில் சுற்றிய சின்னஞ்சிறு மஞ்சள் பந்து, மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். பரீட்சை முடிந்த அன்றைக்கு மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது கை வெறிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே கதை. அவளும் என்னோடு ஆடியவள், நல்ல உயரம். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைப் போலத் தமிழ். மத்தியானத்தில் இரண்டு பேரும் கொல்லைச் சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு எலுமிச்சங்காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புது மட்டைகள் வாங்கியாகிவிட்டது, பழசையெல்லாம் ஷெட்டில் போட்டிருக்கிறார்கள் என்றாள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. அதை எங்களிடம் பெருமைக்குத்தான் சொன்னாள். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் மறுநாளே போய் டிரில் டீச்சர் முன்னால் நின்றோம்.

"எடுத்துக்கினு போங்கமா," என்றார் டீச்சர். "நரம்பெல்லாம் அறுந்து கெடக்குது. அடுப்பெரிக்கத்தான் ஆவும்."

அடுப்பெரிக்க ஐந்து மட்டைகளை எடுத்துக்கொண்டோம். எங்களோடு படித்த ஒருத்தியின் அப்பா ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருந்தார். நேரே அங்கே போனோம். அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டி, என் கையில இருக்கறது மெத்த தெக்கிற ஊசி," என்று மகளிடம் சொன்னார். "பஞ்ச உள்ள வெக்கிறதுதான் என் வேல. இதுல உள்ள ஒண்ணுமே இல்லியே."

ஆனாலும் நைலான் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டி, ஐந்தையும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். கூலி என்று ஒன்றுமில்லை. மகளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லோரிடமும் சண்டை பிடிக்கிறாளாம்.

நான்காவது ஆளும் தானாக வந்து சேர்ந்தாள். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்களோடு படித்தவள், இப்போது தையல் வகுப்புக்காக அதே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நிலத்தில் வேலை செய்கிற வீட்டுப் பெண். வரப்பில் ஓடிப் பழகிய கால், திரும்புகிற வேகம் எங்களில் யாருக்கும் வராது. தையல் வகுப்பு மூன்று மணிக்கு முடியும். பஸ் ஐந்தரைக்கு. நடுவில் உள்ள நேரத்தை எங்களுக்குக் கொடுத்தாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு திடல் இருந்தது. சேலைக்கு நெடுக்காக ஓடும் நூலைப் பாவு என்போம். விடியற்காலையில் அதை அங்கே நீட்டிக் கட்டிப் பதம் பார்ப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஆடுகள் மட்டும்தான். புங்கமரத்துக்கும் ஒரு சவுக்குக் கழிக்கும் நடுவில் கயிறு கட்டி, கிழிந்த துணிகளைத் தொங்கவிட்டோம். அதுதான் வலை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணுங்க வெட்டவெளியில குதிச்சிக்கினு இருந்தா, நாலு பேரு என்னா பேசுவாங்க?"

அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "நாலு பேரும் அவங்கவங்க தறியில குந்திக்கினு இருக்கறாங்க. எவன் வந்து பாக்கப் போறான்? தெருக்கோடிதான. ஜன்னல் வழியா எனக்கே தெரியுது."

மட்டை ஐந்து இருந்தது, ஆள் நான்குதான். பந்தும் இல்லை. இந்த இரண்டு குறையையும் தீர்த்தவள் என் அக்கா.

அக்காவுக்கு அப்போது இருபத்திமூன்று வயது, இரண்டு பிள்ளைகள். வாழ்க்கைப்பட்டது உள்ளூரிலேயே, பிள்ளையார்பாளையத்தில். அவள் மாமியாரென்றால் அந்தத் தெருவே கொஞ்சம் அடங்கி நடக்கும். ஆள் நல்ல தாட்டி, குரல் அதைவிடத் தாட்டி. அந்த அம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிடுவார். அந்த நேரத்தில் அக்கா சின்னப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். உல்லன் நூலுக்கு எங்கே போவது என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, உள்ளே போய், அப்பா மார்கழியில் கட்டிக்கொள்ளும் பச்சை மப்ளரை எடுத்துவந்தாள்.

"அப்பா, இத பிரிக்கப் போறேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "மார்கழிக்கு நான் இன்னா பண்றது?"

"உனக்கு வேற வாங்கித் தாரேன்பா. இதுதான் ஓட்டையா இருக்குதே."

அப்பா ஓர் இழை ஓட்டிவிட்டு, "செரி, செரி," என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்து மப்ளரைப் பிரித்தாள். நூல் சுற்றிச் சுற்றித் தேர்ந்த கை. பொழுது சாய்வதற்குள் கெட்டியாக, உருண்டையாக ஒரு பச்சைப் பந்து தயார். அதை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சாவது ஆளு யாரு?"

"இல்ல. அதான் தேடிக்கினு இருக்கறோம்."

"நான் வரட்டா?"

கல்யாணமான பெண் பந்து ஆடி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

மறுநாள் அக்கா வந்தாள். பிள்ளையைப் புங்கமரத்துக் கிளையில் தூளி கட்டிப் போட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். முதல் பந்து தலைக்கு மேல் போயிற்று. இரண்டாவதுக்கு மட்டையை வீசினாள், பந்து எங்கேயோ, மட்டை எங்கேயோ. மூன்றாவது பந்து அவள் வயிற்றில் பட்டுக் கீழே விழுந்தது. அவ்வளவுதான், அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. சின்ன வயதில் அவள் அப்படிச் சிரித்திருப்பாள், எனக்கு நினைவில்லை. அவள் கல்யாணத்தின்போது எனக்கு ஏழெட்டு வயது. அன்றைக்குத்தான் என் அக்கா இப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்துகொண்டேன்.

பதினைந்து நாளில் அவளுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. அடித்து ஆட வராது. ஆனால் எந்தப் பந்தையும் உயரத் தூக்கிவிடுவாள், அது ஆகாயத்தில் போய் யோசித்துவிட்டு மெதுவாக இறங்கும். அதற்குள் நாங்கள் இடம் மாறி நின்றுகொள்ளலாம். தினமும் மூன்றிலிருந்து ஐந்து வரை ஆடினோம். ஆடுகள் ஒதுங்கக் கற்றுக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரியின் அம்மா வாசலில் நின்று, "எக்கட போதாவே?" என்று, எங்கே கிளம்பிவிட்டாய் எனத் தெலுங்கில் அதட்டுவார், அவள் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடிவருவாள். மெத்தைக் கடைக்காரர் மகள் கூஜாவில் நன்னாரி சர்பத் கொண்டுவருவாள். இத்தனை நாள் சும்மா இருக்கச் சொன்னவர்கள்மேல் எங்களுக்கு அன்பே வந்துவிட்டது.

தங்கை ஒருநாள் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"இதுவா பூப்பந்து? கில்லி ஆடற மாதிரி இருக்குது. பச்சப் பந்துக்கு ரூலே கெடையாது."

"அப்ப உங்க டீம இட்டுக்கினு வா," என்றாள் அக்கா. "பாத்துக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னது. ஆனால் தங்கை அதை டிரில் டீச்சரிடம் சொல்லிவிட்டாள். மாவட்டப் போட்டிக்கு முன்னால் பள்ளி அணிக்கு எதிர்த்து ஆட ஒரு கூட்டம் வேண்டுமென்று டீச்சரும் தேடிக்கொண்டிருந்தாராம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம் என்று முடிவாகிவிட்டது.

அக்கா கொஞ்சம் ஆடிப்போனாள். "எங்க அத்த காதுல வுழுந்துதுன்னா?"

"சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு," என்றேன்.

"தெனம் அததான சொல்றேன்."

சனிக்கிழமை போனால் மைதானத்தைச் சுற்றிலும் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், எங்கள் தெரு ஆட்கள். அப்பாகூடத் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார், அமாவாசைக்கு மட்டும் நிற்கும் தறி. பள்ளி ஆண்டுவிழாவுக்காகக் கட்டிய மைக் இருந்தது. தலைமையாசிரியை அதில் பேசினார். "இப்பொழுது நமது மாணவிகள் அணிக்கும்…" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். எங்களை என்னவென்று அழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய மாணவிகள் என்றால் அக்கா அங்கே படித்தவள் அல்ல. கடைசியில், "பொதுமக்கள் அணிக்கும் இடையே பூப்பந்தாட்டம் நடைபெறும்," என்றார்.

மைதானமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் பெயர்.

அவர்கள் வெள்ளைத் தாவணி, வெள்ளை கேன்வாஸ் ஷூ. நாங்கள் வெறுங்கால். பந்து அவர்களுடைய மஞ்சள் பந்து. முதல் ஆட்டத்தில் தங்கை எங்களை ஓட ஓட விரட்டினாள். வலையை ஒட்டிப் பந்தை மெல்லத் தட்டிப் போடுவது அவள் வித்தை, மூன்று முறை என்னை அதில் மண்ணைக் கவ்வ வைத்தாள். தோற்றோம். இரண்டாவதில் முசரவாக்கத்துக்காரி சுதாரித்துக்கொண்டாள். எந்த மூலைக்குப் போன பந்துக்கும் அவள் அங்கே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் உயரத்தைக் காட்டி மேலிருந்து அடித்தாள். நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் கூட்டம் ஒரு பக்கத்தில் விலகியது. அக்காவின் மாமியார் வந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மூத்த பெண். வீட்டில் அவள்தான் சொல்லியிருக்கிறாள், அம்மா பள்ளிக்கூடத்தில் பந்து ஆடப் போயிருக்குது என்று.

அக்கா பார்த்துவிட்டாள். அவளுக்கு நேரே வந்த பந்து காலடியில் விழுந்து உருண்டது. அவள் குனியக்கூட இல்லை. மட்டையைப் பிடித்த கை அப்படியே தொங்கிப்போயிற்று. டிரில் டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அம்மா எழுந்து நின்றாள்.

மாமியார் கோட்டுக்கு ஓரமாக வந்து நின்று அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"புடவய நல்லா இழுத்து சொருவுடி," என்றார். "தடுக்கி வுழுந்து கைய ஒடச்சிக்கினா, நாளைக்கு எனக்கு யாரு சமைக்கறது?"

சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். அக்கா செருகிக்கொண்டாள். டீச்சர் ஊதினார்.

அதற்குப் பிறகு மாமியாரின் குரல்தான் மைக்கைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆட்டம் அவருக்குத் தெரியாது, ஆனால் நியாயம் தெரியும். "யம்மாடி, என் மருமவ பக்கம் வர்ற பந்துக்கு நீ ஏன் குறுக்க ஓடற? அவ அடிப்பா, வுடு," என்று என்னை அதட்டினார். "அந்தக் குட்டப் பொண்ணு ஏமாத்துது, அத வெளிய அனுப்புங்க," என்று என் தங்கையைக் கைகாட்டினார். அக்கா ஆகாயத்துக்குத் தூக்கிவிட்ட பந்து ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து, அது இறங்குகிறவரை வாயைத் திறந்துவைத்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண்களும் அப்படியே பார்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தோம். மூன்றாவது கடைசிவரை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் அவர்கள் முன்னால் இருந்தபோது தங்கை வலையோரம் வந்தாள். அவள் தட்டிப் போடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பாய்ந்து போனேன். அவள் தட்டவில்லை, என் தலைக்கு மேலே தூக்கி, நான் விட்டு வந்த இடத்தில் போட்டாள். அக்கா ஓடிவந்தாள், எட்டவில்லை.

தோற்றோம். பொதுமக்கள் தரப்பில்தான் கைதட்டல் அதிகமாக இருந்தது. தங்கை மூச்சு வாங்க எங்கள் பக்கம் வந்து, "நல்லாத்தான் ஆடறீங்க," என்றாள். அக்கா அவள் காதைப் பிடித்துத் திருகிவிட்டு, அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

மாமியார் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அக்காவின் கையிலிருந்த மட்டையை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"நாளைக்கும் ஆடுவீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான்தான், "ஆமா அத்த," என்றேன்.

"அப்ப சீக்கிரமா சோத்த வடிச்சி வெச்சிட்டு வா," என்றார் மருமகளிடம். "புள்ளய என்னான்ட வுட்டுட்டு வா. அத எதுக்கு மரத்துல தொங்க வுட்டுக்கினு."

பிள்ளை மரத்தில் தொங்குவதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டிரில் டீச்சர் சொல்லியனுப்பினார். சனிக்கிழமைதோறும் வந்து பள்ளி அணியோடு ஆட முடியுமா என்று கேட்டார். ஆடினோம். அந்த வருடம் அவர்கள் மாவட்டத்தில் ஜெயித்துக் கேடயம் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மாட்டியிருந்த புகைப்படத்தில் தங்கை நடுவில் நின்றாள். அதை எடுத்த நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் வெளியில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். கூப்பிட்டிருந்தாலும் போயிருப்போமா என்று சொல்ல முடியாது, கடலை சூடாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆட்டம் நடந்தது. முதலில் முசரவாக்கத்துக்காரிக்குக் கல்யாணமாயிற்று. அவளுக்குப் பதிலாக டிரில் டீச்சரே வந்து ஆடினார். மெத்தைக் கடைக்காரர் மகளுக்கு நிச்சயமானபோது, அவள் அப்பா மட்டைக்குப் புதுக் கயிறு கட்டிச் சீரோடு வைத்துக் கொடுத்தார். எனக்கும் ஒரு தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்கு முந்தைய கார்த்திகையில் அக்காவுக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. ஆடக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். வரக்கூடாது என்று சொல்லவில்லை. அக்கா ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, டீச்சரின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டோரம் நடுவராக உட்கார்ந்தாள். அவளைப் போல அநியாயமான நடுவரை நான் பார்த்ததில்லை.

"அக்கா, அது வெளிய வுழுந்துது," என்று தங்கை வந்து நின்றாள்.

"எனக்கு எங்கடி கோடு தெரியுது, வயிறு மறைக்குது."

"அப்ப எப்படி உள்ளன்னு சொன்ன?"

"தெரியலன்னா உள்ளதான். போயி ஆடு."

தங்கை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அக்கா விசிலை ஊதினாள். நான் பந்தை எடுத்துக்கொண்டு போய்ச் சர்வீஸ் போட நின்றேன்.